ஒரே இடம், இரண்டு அக்ரிமெண்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இடம் வாங்கப் போய்ச் சிக்கிக்கொண்டவர்கள் என்னைப் பார்க்க வரும்போது கையில் ஒரு முத்திரைத்தாள் இருக்கும். கூடவே, "நான்தானே முதல்ல அட்வான்ஸ் கொடுத்தேன்" என்ற நம்பிக்கையும் இருக்கும். அந்த நம்பிக்கை சில நேரம் சரி, சில நேரம் பாதி சரி. திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைக் கேட்டுக் கேட்டு, கடைசியில் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். பேச்சு தமிழ்நாட்டு நிலத்தைப் பற்றியது. ஒரே ஒரு கேள்வி மட்டும் கடல் தாண்டிப் போகிறது.

அக்ரிமெண்ட் போட்டு, அட்வான்ஸ் பாதித் தொகை கொடுத்துட்டேன். இடத்துல பாதியாவது எனக்குச் சொந்தம்தானே?

இல்லை. ஒரு சென்ட் கூட உங்களுடையது ஆகவில்லை. 1882-ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு இதை வெளிப்படையாகவே சொல்கிறது: விற்பதாகச் செய்துகொள்ளும் ஒப்பந்தம், தன்னளவில், அந்தச் சொத்தில் எந்த உரிமையையும் பொறுப்பையும் உண்டாக்காது. கிரயப் பத்திரம் எழுதிப் பதிவாகும் வரை நிலம் விற்பவருடையதுதான்.

இங்கிலாந்துச் சட்டம் இதில் வேறு வழியில் போனது. ஒப்பந்தம் கையெழுத்தானவுடன் வாங்குபவருக்கு நிலத்தின்மேல் ஒருவகை நியாய உரிமை பிறந்துவிடுகிறது என்பது அவர்கள் கொள்கை. நம் சட்டத்தை எழுதியவர்களும் ஆங்கிலேயர்கள்தான், ஆனால் அந்தக் கொள்கையைத் தெரிந்தே வெளியே நிறுத்திவிட்டார்கள். இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் பாதிப் பதில்கள் தானாகவே புரியும்.

அப்போ அந்தப் பேப்பரை வெச்சுக்கிட்டு நான் என்னதான் பண்றது?

நிலத்தின்மேல் உரிமை இல்லாவிட்டாலும் ஆளின்மேல் உரிமை இருக்கிறது. "சொன்னபடி எழுதிக் கொடு" என்று விற்பவரைக் கட்டாயப்படுத்த வழக்குப் போடலாம். சட்டத் தமிழில் இதற்கு ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கு என்று பெயர். கோர்ட் வராந்தாவில் எல்லோரும் ஸ்பெசிஃபிக் பெர்ஃபார்மன்ஸ் என்றே சொல்வார்கள்.

அந்த உரிமை விற்பவரோடு நின்றுவிடுவதில்லை. சொத்து மாற்றுச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு அதற்கு ஓர் உதாரணமே தருகிறது. ஒருவர் சுல்தான்பூர் என்ற சொத்தை இரண்டாமவருக்கு விற்பதாக ஒப்பந்தம் செய்கிறார். ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்போதே, விஷயம் தெரிந்த மூன்றாமவருக்கு விற்றுவிடுகிறார். இரண்டாமவர் அந்த ஒப்பந்தத்தை மூன்றாமவர்மேலும் நிறைவேற்றிக்கொள்ளலாம். "விஷயம் தெரிந்த" என்ற சொல்லைக் கவனியுங்கள். முழுச் சண்டையும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும்.

வாடகை ஒப்பந்தத்துல "விருப்பப்பட்டால் இவ்வளவு விலைக்கு வாங்கிக்கொள்ளலாம்"னு ஒரு ஷரத்து இருக்கு. அதுவும் அக்ரிமெண்ட்தானே?

இன்னும் இல்லை. இதை ஆப்ஷன் என்பார்கள், வாங்கும் விருப்புரிமை. கிரய ஒப்பந்தத்தில் இரண்டு பேரும் கட்டுப்பட்டவர்கள். ஆப்ஷனில் உரிமையாளர் மட்டும் கட்டுப்பட்டவர், நீங்கள் வாங்கலாம், வாங்காமலும் இருக்கலாம். நீங்கள் "வாங்குகிறேன்" என்று முறைப்படி தெரிவித்த நொடியில்தான் அது கிரய ஒப்பந்தமாக மாறுகிறது.

இதில் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, ஆப்ஷனுக்கு நீங்கள் பிரதிபலன், அதாவது பணமோ வேறு ஈடோ, எதுவும் தரவில்லை என்றால் அது வெறும் முன்மொழிவு. நீங்கள் ஏற்பதற்குள் அவர் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். வாடகை ஒப்பந்தத்தின் ஒரு பகுதியாக இருந்தால் பெரும்பாலும் இந்தப் பிரச்சினை வராது. இரண்டாவது, காலம். சாதாரண நிலக் கிரயத்தில் குறித்த தேதி நாலு நாள் தள்ளிப்போனால் நீதிமன்றம் பொறுத்துக்கொள்வதுண்டு. ஆப்ஷனில் அந்தத் தாராளம் கிடையாது. "மார்ச் 31-க்குள் எழுத்துமூலம்" என்றால் மார்ச் 31-க்குள், எழுத்துமூலம்தான். ஏப்ரல் 1-ஆம் தேதி போனில் சொன்னேன் என்று வந்து நிற்காதீர்கள்.

எனக்கு ஜனவரியில எழுதிக் கொடுத்த இடத்தையே மார்ச்சுல இன்னொருத்தருக்கும் எழுதிக் கொடுத்திருக்கார். யாருக்கு முன்னுரிமை?

இரண்டு பேருக்கும் இன்னும் கிரயம் ஆகவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன். ஆகிவிட்டிருந்தால் அடுத்த கேள்விக்குப் போங்கள்.

முதல் பதிலில் சொன்னபடி, இருவருக்குமே நிலத்தில் உரிமை இல்லை. அதனால் "யார் உரிமை மூத்தது" என்ற கேள்வியே நேராக எழாது. நீதிமன்றம் பார்ப்பது யாருக்குத் தீர்ப்பாணை கொடுக்க முடியும் என்பதை. 1963-ஆம் வருடத்துக் குறித்தவகை நிவாரணச் சட்டம், 19-ஆம் பிரிவின் ஆ உட்பிரிவு, முதல் ஒப்பந்தக்காரர் விற்பவர்மேலும், அந்த ஒப்பந்தத்துக்குப் பிறகு அவர் வழியாக உரிமை பெற்ற எவர்மேலும் வழக்கு நடத்தலாம் என்கிறது. தப்பிக்கும் வழி ஒரே ஒரு வகை ஆளுக்குத்தான் இருக்கிறது: விலை கொடுத்து வாங்கி, பணத்தை நல்லெண்ணத்தோடு செலுத்தி, முதல் ஒப்பந்தம் இருப்பது தெரியாமல் இருந்தவர். மார்ச் மாதத்துக்காரர் கையில் வெறும் ஒப்பந்தம் மட்டும் இருந்தால் அவர் அந்த வகைக்குள் வரமாட்டார். ஆகவே சாதாரணமாக ஜனவரிக்காரர் முன்னால் நிற்கிறார்.

சாதாரணமாக என்றுதான் சொன்னேன். ஜனவரிக்காரர் மீதிப் பணத்தோடு தயாராக இருந்தாரா? அதற்கு வங்கிக் கணக்கில் ஆதாரம் இருக்கிறதா? கெடு முடிந்தும் பேசாமல் இருந்தாரா? ஒப்பந்தத்தை நிறைவேற்றத் தயாராகவும் விருப்பமாகவும் இருந்ததை நிரூபிக்காதவருக்கு 16-ஆம் பிரிவு கதவை மூடிவிடும். அப்புறம் தேதியில் முந்தியவர் என்ற பெருமை மட்டும்தான் மிஞ்சும்.

இன்னொன்று, நடைமுறையில் வருவது. பதிவு செய்யாத ஒப்பந்தம் என்றால் எதிர்த்தரப்பு எழுப்பும் முதல் வாதமே "இது முன்தேதியிட்டு எழுதியது" என்பதுதான். முத்திரைத்தாள் வாங்கிய தேதி, யார் பெயரில் வாங்கியது, அட்வான்ஸ் வங்கி வழியாகப் போனதா, சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் யார் என்று எல்லாம் குறுக்கு விசாரணைக்கு வரும். ரொக்கமாகக் கொடுத்தவர்கள் இங்கேதான் விழிபிதுங்கி நிற்பார்கள்.

பின்னாடி வந்தவர் கிரயமே முடிச்சு, பட்டாவும் மாத்திட்டார். எல்லாம் போச்சா?

போகவில்லை. அவர் மேலே சொன்ன மூன்று தகுதிகளையும் காட்ட வேண்டும்: விலை கொடுத்தது, பணத்தை நல்லெண்ணத்தோடு செலுத்தியது, உங்கள் ஒப்பந்தம் தெரியாமல் இருந்தது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் அவர் தோற்பார். நிரூபிக்கும் சுமையும் அவருடையதுதான், இது பிரிவி கவுன்சில் (வெள்ளைக்காரர் ஆட்சியில் லண்டனில் இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றம்) காலத்திலிருந்து, 1934 முதல், நிலைத்துவிட்ட விதி. "எனக்குத் தெரியாது" என்று கூண்டில் ஏறிச் சொன்னாலே பெரும்பாலும் போதும், பிறகு தெரிந்திருந்தது என்று காட்டும் வேலை உங்கள் பக்கம் நகர்ந்துவிடும். ஆனால் அவர் கூண்டில் ஏற வேண்டும்.

வழக்கில் அவரையும் கட்டாயம் பிரதிவாதியாகச் சேர்க்க வேண்டும். நீங்கள் ஜெயித்தால் தீர்ப்பாணை எப்படி அமைய வேண்டும் என்பதை 1953-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்து உங்களுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். நிலத்தின் உரிமை இப்போது அவரிடம் இருப்பதால், அவர் கையெழுத்து இல்லாமல் அது உங்களுக்கு வராது. பட்டா மாறியதைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதீர்கள். பட்டா உரிமையை உண்டாக்குவதில்லை.

எங்க அக்ரிமெண்டை ரிஜிஸ்டர் பண்ணல. அது செல்லாதுன்னு பத்திரம் எழுதுறவர் சொல்றார்.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் அசையாச் சொத்துக் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். மாநிலச் சட்டமன்றம் பதிவுச் சட்டத்தைத் திருத்தி இதைக் கொண்டுவந்தது. அதனால் அவர் சொன்னதில் பாதி உண்மை.

மறுபாதி: ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கில் பதிவாகாத ஒப்பந்தத்தையும் சாட்சியமாக ஏற்கலாம் என்று பதிவுச் சட்டத்தின் 49-ஆம் பிரிவின் காப்புரை, அதாவது அதில் சேர்த்திருக்கும் விதிவிலக்கு, சொல்கிறது. தமிழ்நாட்டுத் திருத்தத்துக்குப் பிறகும் அந்தக் காப்புரை பொருந்தும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் உங்கள் வழக்கு வாசலிலேயே சாகாது.

ஆனால் பதிவின் பலன் வேறு இடத்தில் இருக்கிறது. கட்டாயம் பதிய வேண்டிய பத்திரத்தைப் பதிந்துவிட்டால், அதன்பின் அந்தச் சொத்தை வாங்கும் எல்லோருக்கும் அது தெரியும் என்று சட்டமே அனுமானித்துக்கொள்கிறது. முந்தின பதிலில் வந்த "தெரியாது" என்ற கேடயம் அங்கேயே உடைந்துவிடும். பதிவுக் கட்டணத்தை மிச்சம் பிடித்தவர்கள் விட்டுக்கொடுப்பது இதைத்தான். எழுதிய தேதியிலிருந்து 4 மாதத்துக்குள் பதிவுக்குக் கொடுக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வில்லங்கம் போட்டுப் பார்த்துத்தான் வாங்கினேன், ஒண்ணும் வரல. இப்ப அங்க குடியிருக்கிறவர் "எனக்கு முன்னாடியே அக்ரிமெண்ட் இருக்கு"ங்கறார். நான் அப்பாவிதானே?

நீங்கள் போய் அவரிடம் கேட்டீர்களா? இல்லையென்றால் சட்டத்தின் கண்ணில் நீங்கள் அப்பாவி இல்லை. வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள் மட்டுமே வரும். சொத்து மாற்றுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, ஒருவர் நேரடி அனுபவத்தில் இருக்கும் சொத்தை வாங்குபவருக்கு, அந்த அனுபவதாரரின் உரிமை என்னவோ அது தெரியும் என்றே எடுத்துக்கொள்ளும்.

"வாடகைக்காரர்தானே, வாடகைக்காரருக்கு என்ன உரிமை இருக்கப் போகிறது" என்று விட்டுவிடுகிறார்கள். 2000-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கு இதேதான். இடத்தில் இருந்த வாடகைதாரரிடம் கிரய ஒப்பந்தம் இருந்தது. பின்னால் வாங்கியவர்கள் அவரிடம் விசாரிக்கவே இல்லை. வாடகை உரிமை மட்டுமல்ல, அவர் தனியாகச் செய்துகொண்ட கிரய ஒப்பந்தமும் வாங்குபவருக்குத் தெரிந்ததாகவே கருதப்படும் என்று நீதிமன்றம் சொன்னது. மூன்றாவது கேள்வியில் வந்த வாடகைதாரரின் ஆப்ஷனுக்கும் இதுவே பலம்.

ஆகவே இடம் பார்க்கப் போகும்போது உள்ளே இருப்பவர் யாராக இருந்தாலும், ஓர் ஓரக் கொட்டகையில் படுத்திருப்பவராக இருந்தாலும், "ஐயா, நீங்க எந்த வகையில இங்க இருக்கீங்க?" என்று கேளுங்கள். பதிலை எழுதி வாங்கினால் இன்னும் நல்லது. பேப்பரில் பொது அறிவிப்புக் கொடுத்தேன் என்பது இதற்கு ஈடாகாது. அதை அவர் படித்தார் என்று நீங்கள்தான் காட்ட வேண்டியிருக்கும்.

அட்வான்ஸ் வாங்கும்போதே சாவியும் கொடுத்துட்டார். நாலு வருஷமா குடியிருக்கேன். என்னை யாரும் கிளப்ப முடியாதில்ல?

சொத்து மாற்றுச் சட்டத்தின் 53-அ பிரிவு இதற்காகவே இருக்கிறது. எழுத்துமூல ஒப்பந்தம், அதன்படி அனுபவம், உங்கள் பங்கை நிறைவேற்றத் தயார்நிலை, இவை இருந்தால் விற்றவரோ அவர் வழி வந்தவரோ உங்களை வெளியேற்ற முடியாது. ஆனால் 2001 செப்டம்பர் 24-க்குப் பிறகு எழுதிய ஒப்பந்தமாக இருந்தால், பதிவாகியிருந்தால்தான் இந்தப் பாதுகாப்பு. 2023 தீர்ப்பு கொடுக்கும் சலுகை இங்கே உதவாது.

இது தடுப்புக்கு மட்டும். இதை வைத்து உரிமையாளர் ஆக முடியாது, விற்க முடியாது. சரி, 53-அ கிடைக்காவிட்டாலும் குடியிருப்பது வீணா என்றால், வீணில்லை. உங்களுக்குப் பின் வாங்குபவர் தெரியாது என்று சொல்ல முடியாமல் போவதற்கு அந்த அனுபவமே காரணம். முந்தின பதிலைப் பாருங்கள்.

பவர் எழுதி வாங்கிட்டேன், அதுவும் முழுப் பணம் கொடுத்து. இது அக்ரிமெண்டை விடப் பெரிசுதானே?

இல்லை. 2011-இல் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் பவர், அக்ரிமெண்ட், உயில் என்று மூன்றையும் கட்டுக்கட்டாக வாங்கினாலும் உரிமை மாறாது என்று முடித்துவிட்டது. கூட இருக்கும் அக்ரிமெண்டுக்கு என்ன மதிப்போ அவ்வளவுதான்.

எனக்கு அக்ரிமெண்ட் போட்ட பிறகு, அவருடைய கடன்காரர் அந்த இடத்தை ஜப்தி பண்ணிட்டார். இப்ப?

ஜப்தி செய்பவர் கடனாளிக்கு என்ன இருக்கிறதோ அதைத்தான் பிடிக்கிறார். கடனாளி ஏற்கெனவே உங்களுக்கு எழுதிக் கொடுக்கக் கட்டுப்பட்டிருந்தால், அந்தக் கட்டுப்பாட்டோடுதான் அவருக்குக் கிடைக்கும் என்று 1990-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2002-இல் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 64-ஆம் பிரிவில் இதை எழுதியே சேர்த்தார்கள், ஆனால் ஒரு நிபந்தனையோடு: ஜப்திக்கு முன் செய்து, ஜப்திக்கு முன் பதிவும் ஆன ஒப்பந்தமாக இருக்க வேண்டும். பதிவு செய்யாதவர்களுக்கு இது இரண்டாவது அடி.

கேஸ் போட்டாச்சு. வாய்தா ஓடிக்கிட்டு இருக்கும்போதே வித்துட்டார். வாங்கினவர் கேஸ் இருக்கிறதே தெரியாதுங்கறார்.

இங்கே மட்டும் தெரியுமா தெரியாதா என்பது ஒரு பொருட்டே இல்லை. சொத்து மாற்றுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, நிலுவையில் இருக்கும் வழக்கில் அந்தச் சொத்தின் உரிமை நேரடியாகப் பிரச்சினையில் இருந்தால், நடுவில் வாங்குபவர் வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டவர். வழக்குப் பொய்யாகவோ கூட்டுச் சதியாகவோ இருக்கக் கூடாது, அவ்வளவே. அவர் வாங்கியது செல்லாமல் போவதில்லை, நீங்கள் ஜெயித்தால் உங்களுக்குக் கீழே போய்விடும். ஒப்பந்தம் பதிவாகவில்லை, விற்பவர்மேல் சந்தேகமும் வந்துவிட்டது என்றால் நோட்டீஸ் மேல் நோட்டீஸ் அனுப்பிக்கொண்டிருப்பதை விட வழக்கைத் தாக்கல் செய்வதே மேல் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

மூணு வருஷம் டைம் இருக்குன்னு சொன்னாங்களே, எதுக்கு அவசரம்?

காலவரையறைச் சட்டத்தின் 54-ஆம் இனம் மூன்று ஆண்டு தருகிறது: ஒப்பந்தத்தில் தேதி குறித்திருந்தால் அந்தத் தேதியிலிருந்து, குறிக்காவிட்டால் விற்பவர் மறுத்தது உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து. அது வெளி எல்லை. உள்ளே சும்மா இருக்கலாம் என்று பொருள் இல்லை. 1997-இல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், நகர்ப்புறச் சொத்துக்கு இரண்டரை ஆண்டு ஒன்றும் செய்யாமல் இருந்தவருக்கு உச்ச நீதிமன்றம் பரிகாரம் தரவில்லை. விலை ஏறும் காலத்தில் சின்ன அட்வான்ஸைக் கொடுத்துவிட்டு நிலத்தைக் கட்டிப்போடக் கூடாது என்பதை 2011-இல் இன்னொரு தமிழ்நாட்டு வழக்கில் மேலும் அழுத்திச் சொன்னது.

2018 அக்டோபர் 1-க்குப் பிறகு இந்தப் பரிகாரம் நீதிமன்றத்தின் விருப்பத்தைப் பொறுத்தது இல்லை என்று சட்டம் மாறிவிட்டதே என்று கேட்பார்கள். மாறியது உண்மை. ஆனால் தயார்நிலையைக் காட்ட வேண்டும் என்ற 16-ஆம் பிரிவு போகவில்லை. தாமதம் அந்த வாசல் வழியாக உள்ளே வரும்.

அவசரத்துக்கு இடத்தைக் கிரயம் எழுதிக் கொடுத்தேன். அஞ்சு வருஷத்துல பணம் கட்டினா திருப்பி எழுதித் தர்றேன்னு தனிப் பேப்பர் கொடுத்தார். இது அடமானம்தானே?

தனிப் பேப்பர் என்று சொன்னீர்களே, அங்கேதான் சிக்கல். சொத்து மாற்றுச் சட்டத்தின் 58-ஆம் பிரிவின்படி, திருப்பித் தரும் நிபந்தனை அதே கிரயப் பத்திரத்துக்குள் இருந்தால்தான் அதை அடமானமாகப் பார்க்கலாம். தனிப் பத்திரம் என்றால் அது மறுகிரய ஒப்பந்தம், அதாவது உங்கள் கையில் இருக்கும் ஓர் ஆப்ஷன். அடமானமாக இருந்தால் கெடு தாண்டியும் மீட்கலாம். ஆப்ஷனில் கெடு தாண்டினால் போனது போனதுதான். 1962-இல், வாடகை பாக்கி விழக் கூடாது என்ற நிபந்தனையை மீறியதால் மறுகிரய உரிமையையே ஒருவர் இழந்தார். கஷ்டமாக இருந்தாலும் நிபந்தனை நிபந்தனைதான் என்றது உச்ச நீதிமன்றம்.

ஒரு நல்ல செய்தி. இந்த உரிமையை நீங்கள் வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். சென்னை மாகாணத்திலிருந்து போன வழக்கில் 1928-லேயே பிரிவி கவுன்சில் அதை ஏற்றது. உங்களிடம் கிரயம் வாங்கியவர் இடத்தை வேறொருவருக்கு விற்றாலும், அந்த வேறொருவருக்கு விஷயம் தெரிந்திருந்தால் சுல்தான்பூர் கதைதான்.

பாகப்பிரிவினையில "யார் வித்தாலும் முதல்ல கூடப் பிறந்தவனைத்தான் கேட்கணும்"னு எழுதினோம். அண்ணன் பையன் இப்ப வெளியாளுக்குப் பேசறான். அவனை அது கட்டுப்படுத்துமா?

இது ஆப்ஷன் இல்லை, முன்வாங்கல் உரிமை. ஆப்ஷனில் நீங்கள் நினைத்தால் வாங்கலாம். இதில் அவர்கள் விற்க நினைத்தால்தான் உங்கள் முறை வரும்.

இரண்டு தலைமுறை தாண்டியும் செல்லுமா என்பதற்கு, சகோதரர்கள் இதேபோல் எழுதிக்கொண்ட ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆம் என்றது. அதற்குச் சொன்ன காரணம் அழகானது. நிலத்தின்மேல் உரிமை உண்டாக்கினால்தான் "காலவரம்பில்லாமல் கட்டிப்போடக் கூடாது" என்ற விதி குறுக்கே வரும். நம் நாட்டில் இப்படிப்பட்ட ஒப்பந்தம் நிலத்தில் உரிமை எதையும் உண்டாக்குவதில்லை, ஆகவே அந்த விதி பொருந்தாது. முதல் கேள்வியில் உங்களை ஏமாற்றிய 54-ஆம் பிரிவு இங்கே கைகொடுக்கிறது. எழுதிக்கொண்டவர்களை மட்டுமா, வாரிசுகளையுமா கட்டுப்படுத்துகிறது என்பதை மட்டும் பத்திர வாசகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்திரேலியாவுல இருக்கிற மச்சான், அங்க ஆப்ஷன் இருந்தாலே நிலத்துல உரிமை வந்துடும்ங்கறார். கதை விடறாரா?

இல்லை, அவர் சொல்வது சரி. 1882-இல் இங்கிலாந்தில் ஒரு ரயில்வே நிறுவனத்தின் வழக்கில் நிலைநாட்டப்பட்ட கொள்கை அது. உரிமையாளரின் சம்மதம் இல்லாமலே அவர் நிலத்தை ஒருவர் எடுத்துக்கொள்ள முடியும் என்றால், அந்த அளவுக்கு நிலம் அவர் கையை விட்டுப் போய்விட்டது, எனவே ஆப்ஷன்காரருக்கு நியாய உரிமை உண்டு. ஆங்கிலேயச் சட்ட வழி வந்த ஆஸ்திரேலியாவிலும் இதே நிலைதான்.

அங்கே இரண்டு நியாய உரிமைகள் மோதினால் பொதுவாக முந்தியது வெல்லும், முந்தியவர் தன் நடத்தையால் பிந்தியவரை ஏமாறவிட்டிருந்தால் ஒழிய. ஆஸ்திரேலியாவில் நிலப் பதிவேட்டில் கேவியட் என்ற எச்சரிக்கைக் குறிப்பைப் போட்டு வைக்கலாம். போடாமல் விட்டால் முன்னுரிமை போய்விடுமா? 1990-இல் வெளியான விக்டோரியா மாநிலத் தீர்ப்பு ஒன்று எனக்குப் பிடித்தமானது. பெற்றோரிடமிருந்து ஒரு மோட்டலை வாங்கும் ஆப்ஷன் மகளுக்கு இருந்தது. அப்பா மனம் கோணக் கூடாது என்று அவர் கேவியட் போடவில்லை. பெற்றோர் வேறொருவருக்கு விற்க ஒப்பந்தம் செய்தார்கள். பெற்றவர்களே இப்படிச் செய்வார்கள் என்று சந்தேகிக்க அவருக்குக் காரணம் இல்லை, அதனால் கேவியட் போடாதது தவறாகாது என்று முழு அமர்வு மகளுக்கே முன்னுரிமை தந்தது. நம் ஊரில் அதே மகள் வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, "வாங்கினவங்களுக்கு இது தெரியுமாம்மா?" என்பதாகத்தான் இருக்கும்.

கடைசியா ஒண்ணு. இடம் கிடைக்கலைன்னா கொடுத்த பணமாவது வருமா?

தவறு உங்கள் பக்கம் இல்லையென்றால் வர வேண்டும். சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, கிரயத்துக்காக முன்கூட்டிக் கொடுத்த தொகைக்கும் வட்டிக்கும் அந்தச் சொத்தின்மேலேயே பொறுப்பு உண்டு என்கிறது. நிலத்தில் உரிமை இல்லை என்று ஆரம்பத்தில் சொன்னேனே, பணத்துக்கு மட்டும் அது ஈடாக நிற்கும். நீங்களே பின்வாங்கியிருந்தால் முன்வைப்புத் தொகை பறிபோகலாம்.

பலர் கோட்டைவிடும் இடம் பிராது, அதாவது வழக்கு மனு. "கிரயம் எழுதிக் கொடு" என்று மட்டும் கேட்டுவிட்டு, மாற்றாகப் பணத்தைத் திருப்பிக் கொடு என்று கேட்காமல் விடுகிறார்கள். கேட்காத பணத்தை நீதிமன்றம் தானாகத் தராது என்று குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு சொல்கிறது. பிறகு திருத்தம் செய்து சேர்க்க அனுமதி உண்டு, ஆனால் அதற்கும் ஒரு மனு, ஒரு எதிர்மனு, நாலு வாய்தா. வழக்கறிஞர் பிராதைக் கையெழுத்துக்கு நீட்டும்போது கடைசிப் பக்கத்தில் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.